தேய்த்தே தீர்த்த கால்கள்

கிரில் என்ற சொல்லைத் தமிழ்நாடு எப்போதோ ஜன்னலுக்கும் வாசல் கேட்டுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டது. அதனால், கறி சுடும் கரி கிரில்லின் கால் துருப்பிடித்துவிட்டது என்று ஹார்டுவேர் கடையில் போய் மருந்து கேட்பவருக்கு முதலில் கிடைப்பது "எத்தனை அடி கிரில், சார்?" என்ற கேள்விதான். ஜன்னல் இல்லை, பால்கனி இல்லை, இது ஓர் அடுப்பு, இதற்குக் கால் உண்டு, அந்தக் காலில்தான் கோளாறு என்று விளக்கி முடிப்பதற்குள் பக்கத்தில் நிற்பவர் கால் கிலோ ஆணி வாங்கிக்கொண்டு கிளம்பியிருப்பார். கடைசியில் மேஜைக்கு வருவது மூன்று சாமான்: ஓர் உப்புத்தாள், ஒரு கம்பி பிரஷ், ஒரு டப்பா ரெட் ஆக்சைடு. கடைக்காரர் மேல் தப்பில்லை. சிகாகோவில் கேட்டாலும் சிங்கப்பூரில் கேட்டாலும் டப்பாவின் பெயர்தான் மாறும். துரு என்றால் தேய், தேய்த்தபின் பூசு என்ற வைத்தியம் மாறாது. அந்த வைத்தியம் பல சமயம் நோயைவிட மோசம் என்பது என் கட்சி. கிரில் காலைத் துரு தொட்டு வைக்கிறது, அவ்வளவுதான். தீர்த்து வைப்பது, ஞாயிற்றுக்கிழமை காலையில் உப்புத்தாளும் நல்லெண்ணமுமாக உட்காரும் மனிதர்.

ஒரு காலுக்கு இத்தனை பேச்சா என்று முணுமுணுப்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. கையில் தூக்கிக்கொண்டு போகும் கரி கிரில், நம் குமுட்டி அடுப்புக்கு அமெரிக்காவில் இருக்கும் பங்காளி. அதன் பிரபலமான உருண்டை வடிவத்துக்குப் பிறந்த ஆண்டு 1952. சிகாகோவின் வெபர் பிரதர்ஸ் மெட்டல் ஒர்க்ஸில் இருந்த ஜார்ஜ் ஸ்டீபன், நீரில் மிதக்கவிடும் உலோக மிதவையின் வடிவத்தைக் குறுக்கே இரண்டாக்கி, கீழ்ப்பாதியில் கரியைப் போட்டு மேல்பாதியை மூடியாக்கினார். மிதவையாக இருந்தவரை அதற்குக் கால் தேவைப்படவில்லை. தோட்டத்துக்குக் குடிவந்ததும் மூன்று கால் முளைத்தது. அன்றிலிருந்து கிண்ணத்துக்கு ஒரு மரியாதை, காலுக்கு ஒரு மரியாதை. கிண்ணத்துக்கும் மூடிக்கும் போர்சலின் எனாமலைச் சூளையில் சுட்டு ஏற்றுவார்கள். காலுக்கு ஒரு துண்டுக் குழாய் அல்லது வளைத்த கம்பி, மேலுக்கு மெல்லிசாக ஏதோ ஒரு பூச்சு. உணவு காலைத் தொடுவதே இல்லையே, அது எப்படிக் கிடந்தால் என்ன என்று கேட்பீர்கள். தொடுவதில்லைதான். ஆனால் தணலும் உணவும் சேர்ந்து அதன் தலைமேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. மூன்று கால் வைத்ததில் ஒரு கணக்கும் உண்டு: எந்த மேடு பள்ளத்திலும் மூன்று முனையும் தரையைத் தொட்டுவிடும், நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. அதே கணக்கின் மறுபக்கம், மூன்றில் ஒன்று போனால் நிற்பதற்கு வழியே இல்லை. கால் உடைந்த நாற்காலியைச் சுவரோரம் சாய்த்து வைத்து ஒரு வருஷம் ஓட்டலாம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவர்கள்கூட இரண்டே கால் என்று சொல்லத் துணிந்ததில்லை.

சரி, காலில் தெரிவது துருதானா? இந்தக் கேள்வியைக் கேட்காமலேதான் பாதிப் பேர் வேலையை ஆரம்பிக்கிறார்கள். கிண்ணத்தோடு கால் சேரும் இடத்தில், ஒரு சாண் நீளத்துக்கு, பழுப்பாக, மினுமினுப்பாக, விரல் வைத்தால் லேசாகப் பிடித்துக்கொள்வதுபோல ஒரு படலம் இருக்கும். அது இரும்பு ஈன்றதல்ல, ஆடும் கோழியும் ஈன்றது. உருகி வழிந்த கொழுப்பும் புகையும் சூட்டில் இறுகி வார்னிஷாகியிருக்கிறது; தோசைக்கல்லைப் பழக்கும்போது அதன்மேல் ஏறும் கருமைக்கு இது தம்பி முறை. துரு மினுமினுக்காது, தொட்டால் செங்காவிப் பொடியாக விரலுக்கு வரும். இரண்டையும் பிரித்தறிய ஆய்வகம் தேவையில்லை. சுடுதண்ணீர், பாத்திரம் துலக்கும் சோப்பு, பழைய பனியன் துணி, ஒரு கால் மணி நேரம் போதும். கரைந்து வந்தால் பிசுக்கு. நகராமல் நின்றால்தான் துரு. மூடிக்குள் நடக்கும் குழப்பம் இன்னும் பிரசித்தம்: உட்புறத்தில் கறுப்பாகச் செதில் செதிலாக உரிவதைப் பார்த்து, பெயின்ட் உரிந்து கறியில் விழுகிறது என்று பதறி, அடிவரை சுரண்டப் புறப்படுவார்கள். உரிவது பெயின்ட் அல்ல, கொழுப்பும் புகையும் கரியாகிப் படிந்த ஏடு. எனாமல் அதன் அடியில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறது, சுரண்டுகிறவர் வந்து சேரும்வரை.

துருவே என்று உறுதியான பிறகுதான் விவகாரம் சூடு பிடிக்கிறது, ஏனென்றால் "கால்" என்பது ஒரே பொருள் அல்ல. பளபளக்கும் குரோம் காலை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மாதிரி முகம் தெரிகிறது, ஆகவே உள்ளேயும் இதேதான் என்று நம்பிவிடுகிறோம். அந்தக் காலில் குரோமின் கனம் கால் மைக்ரானிலிருந்து அரை மைக்ரான்வரைதான். ஒரு தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. அதன் அடியில் கொஞ்சம் கனமாக நிக்கல், அதற்கும் அடியில் சாதா இரும்பு. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் முன்னால் விரித்த ஜமுக்காளம் போன்ற ஏற்பாடு இது, கீழே என்ன இருக்கிறது என்று தூக்கிப் பார்க்கக் கூடாது. இந்த மெல்லிய குரோமில் கண்ணுக்குப் புலப்படாத துளைகளும் வெடிப்புகளும் இருக்கின்றன. ஈரம் அதன் வழியே இறங்கி, நிக்கலிலும் ஓர் இடைவெளி கிடைத்தால் இரும்பைத் தொட்டு, அங்கே துருவாகி, போன வழியே வெளியே எட்டிப் பார்க்கிறது. வெளியே தெரிவது கடுகளவு ஒரு செம்புள்ளி. குரோம் கெடவில்லை, அதன் துளை வழியே அடியில் உள்ள இரும்பு கண்ணீர் விடுகிறது, அவ்வளவே. இப்போது உப்புத்தாள் வருகிறது. மோஸ் என்ற ஜெர்மானியர் 1812இல் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் குரோமுக்கு எட்டரை. உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் துகளுக்கு ஒன்பது. ஜெயிப்பது யாரென்று சொல்லத் தேவையில்லை. கடுகை எடுக்கப் போய், அதைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குக் குரோமும் போய் நிக்கலும் போய், ஈரத்துக்கு முன்பு ஜன்னல் இருந்த இடத்தில் இப்போது வாசலே திறந்துவிடுகிறது. தேய்த்தவர் கை உதறிவிட்டு, "பார், எப்படி மின்னுகிறது" என்பார். மின்னத்தான் செய்யும், முதல் மழை வரைக்கும்.

இதே புள்ளிக்கு வேறு வழி இருக்கிறது, அதுவும் சமையலறையிலேயே இருக்கிறது. சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரிலோ வினிகரிலோ நனைத்து, நகம் வெட்டும் பொறுமையோடு மெல்லத் தேய்த்தால் புள்ளியின் தலை கழன்று வந்துவிடும். அலுமினியத்தின் கடினம் மூன்றைக்கூட எட்டாது. எட்டரையை அதனால் கீற முடியாது. கீறுபட்டுத் தேய்வது தாள்தான், கால் அல்ல. பிறகு கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்து, காருக்குப் போடும் மெழுகைக் கொஞ்சம் தடவினால் துளைகளுக்கு ஒரு மூடி கிடைக்கும். கிண்ணத்தை ஒட்டிய மேல்பகுதிக்கு மெழுகு வேண்டாம், முதல் சூட்டிலேயே உருகிப் புகைந்துவிடும்.

அலுமினியக் கால்களின் கதை நேர்மாறானது. பழைய வெபர் கெட்டில்கள் பலவற்றில் இந்தக் குழாய்கள்தான். இவை சிவப்பாகத் துருப்பிடிப்பதில்லை, மங்குகின்றன. சாம்பல் பூத்த மாதிரி ஆகி, சில இடங்களில் வெள்ளைப் பொடி தட்டும். மங்கலைக் கண்டதும் கை துறுதுறுக்கிறது. ஆனால் அந்த மங்கல்தான் அலுமினியத்தின் சட்டை. காற்றுப் பட்டவுடனே அது தன்மேல் ஆக்சைடு ஏடு ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது, சில நானோமீட்டர்தான், ஆனால் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். எத்தனை தரம் உரித்தாலும் அத்தனை தரம் போர்த்திக்கொள்ளும். பாலிஷ் போட்டு அதைக் கண்ணாடியாக்குவது, குளிருக்கு ஒருவர் போர்த்திய சால்வையை ஒவ்வொரு வாரமும் பிடுங்கிவிட்டு "இப்போதுதான் பளிச்சென்று இருக்கிறீர்கள்" என்று பாராட்டுவதற்குச் சமம். அலுமினியத்துக்கு உண்மையான எதிரி வேறு, அது கிரில்லுக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது: சாம்பல். மரச் சாம்பலில் காரம் இருக்கிறது. பானையில் சாம்பலைக் கரைத்து எடுத்த பொட்டாஷிலிருந்துதான் பொட்டாசியத்துக்கே பெயர் வந்தது. 1920களில் ஹென்றி ஃபோர்டு தன் கார் தொழிற்சாலையின் மரக்கழிவைக் கரியாக்கி அச்சுக்கட்டியாக விற்கத் தொடங்கிய பிறகு கட்டிக் கரி அமெரிக்காவெங்கும் பரவியது. அந்தக் கட்டிகளில் சாம்பல் வெளுப்பாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணாம்புக்கல்லையும் சேர்ப்பதுண்டு. காரத்துக்கு மேல் காரம். சாம்பல் காய்ந்திருக்கும்வரை சாது. விருந்து முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் தணலை அணைக்கிறார் பாருங்கள் ஒரு புண்ணியவான், அப்போதுதான் அது சாம்பல் கஞ்சியாகிக் காற்றுத் துளைகள் வழியே ஒழுகி, கால் வழியே இறங்கி, அடியில் தேங்கிக் காய்கிறது.

அடுத்த வாரம் அந்தக் கறையை எடுக்க அவர் கொண்டுவருவது என்ன? சலவை சோடா, அல்லது சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த அவன் கிளீனர். காரத்தால் வந்த நோய்க்கு இன்னும் கெட்டியான காரம். அலுமினியம் அதில் நுரைக்கும், ஹைட்ரஜன் குமிழிடும், கடைசியில் கறுத்துப் போகும். நம் வீட்டு அலுமினியக் குண்டானைச் சோடாவில் ஊறவைத்து எடுத்தவர்களுக்கு அந்தக் கறுப்பு தெரியாததல்ல. இங்கே வேண்டியது புளிப்பு: பிழிந்த எலுமிச்சை மூடியால் ஒரு தேய்ப்பு, உடனே கழுவல், உடனே துடைப்பு. இதைவிட எளிது, ஆறிய சாம்பலைக் காய்ந்த நிலையிலேயே அள்ளிக் கொட்டிவிட்டால் எலுமிச்சையை ஜூஸுக்கே வைத்துக்கொள்ளலாம்.

எவர்சில்வர் கால்களைப் பற்றிப் பேசும்போது பெயரிலேயே ஒரு சிக்கல். அதில் எவரும் இல்லை, சில்வரும் இல்லை. ஷெஃபீல்டில் 1913இல் ஹாரி பிரேர்லி உருக்கிய துருப்பிடிக்காத எஃகின் வம்சம் அது. குறைந்தது பத்தரை சதவீதம் குரோமியம் கலந்திருந்தால் அந்தக் குரோமியம் மேலே ஒரு மெல்லிய ஏடாகி இரும்பைக் காக்கும். பழைய துணியைப் போட்டு எவர்சில்வர் பாத்திரம் வாங்கிய பரம்பரை நாம். அது துருப்பிடிக்கும் என்று சொன்னால் அவதூறு வழக்கே போடுவோம். ஆனால் எவர்சில்வர் காலில் செம்புள்ளிகள் வரத்தான் செய்கின்றன, பெரும்பாலும் சுத்தம் செய்த கையால். சாதா இரும்புக் கம்பி நாராலோ கம்பி பிரஷ்ஷாலோ தேய்க்கும்போது அதன் துணுக்குகள் எவர்சில்வரில் பதிந்துவிடுகின்றன. துருப்பிடிப்பது அந்த வந்தேறித் துணுக்குகள், பழி வீட்டுக்காரனுக்கு. இதைவிடக் கொடுமை பாத்ரூம் ஆசிட். ஹைட்ரோகுளோரிக் அமிலம் அந்தக் காவல் ஏட்டைத் தின்றுவிடும். மூடி சரியாக இறுகாத ஆசிட் பாட்டிலின் பக்கத்தில் கிரில்லை வைத்தால், தொடாமலேகூட அந்த ஆவி வேலையைக் காட்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கால் இருந்தால் புளி, எலுமிச்சை, வினிகர் எதையும் அதன் பக்கம் கொண்டுபோகாமல் சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரும்புக்காகத் தான் கரைந்து உயிர்விடும் பூச்சு அது, நாம் வேறு அமிலம் ஊற்றி அதை அவசரப்படுத்த வேண்டாம்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும்: அப்படியானால் எதையுமே தேய்க்கக் கூடாதா, இது சோம்பேறியின் சித்தாந்தம் இல்லையா? இல்லை. பூச்சும் இல்லாமல், பெயின்டும் உரிந்துபோய், வெறும் இரும்பாக நிற்கும் காலுக்கு நான் சொன்ன எதுவும் பொருந்தாது. இரும்பின் துரு, அலுமினியத்தின் ஏடு போலப் போர்வையாகாது. அது தான் பிறந்த இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கேட்டு, உப்பி, வெடித்து, செதிலாக உதிர்ந்து, அடுத்த அடுக்கு இரும்பைக் காற்றுக்கும் ஈரத்துக்கும் காட்டிக்கொடுக்கும். அதை விட்டுவைத்தால் கால் கரையும். இங்கே கம்பி பிரஷ் வரட்டும், உப்புத்தாளும் வரட்டும், கடைக்காரருக்கு ஒரு வணக்கமும் வைப்போம். தேய்க்க முடியாத மூலைகளுக்கு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு என்று கரைத்து ஓர் இரவு ஊறவைக்கலாம். விடிந்ததும் துரு கறுப்புச் சேறாக வழிந்து வரும். அதற்குப் பிறகு ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் அலசி உடனடியாக உலர்த்த வேண்டும். இந்த "உடனடியாக" என்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். ஈரத்தோடு வைத்துவிட்டுக் காபி குடித்துவிட்டு வருவதற்குள் புது இரும்பின்மேல் ஆரஞ்சுப் பொடி பூத்திருக்கும், திருநீறு பூசிய மாதிரி மெல்லிசாக. முழுக்கவும் எடுக்க முடியாத துருவுக்குக் கடுக்காய் உண்டு. கடுக்காயின் டானினும் இரும்பும் சேர்ந்தால் கருமையான ஒரு சேர்மம் உருவாகும். துணிக்குக் கறுப்புச் சாயம் ஏற்றியவர்களுக்கும் மை காய்ச்சியவர்களுக்கும் பழகிய சங்கதி. கடையில் துரு மாற்றி என்று விற்கும் திரவங்கள் சிலவற்றில் வேலை செய்வதும் இந்த டானின் அமிலமே. துருவை ஒழிக்காமல் கட்சி மாற்றி வைப்பது, நம் ஊருக்குப் புதிய உத்தியும் அல்ல.

ஆனால் எல்லா ஆட்சேபங்களிலும் பெரியது பாட்டி வழி வருவது. சாம்பலும் புளியும் செங்கல் பொடியும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்து அண்டாவையும் குத்துவிளக்கையும் தங்கமாக்கிக் காட்டிய பாட்டிகள் வாழ்ந்த நாட்டில், தேய்க்காதே என்று ஒருவன் எழுதினால் யார் கேட்பார்கள்? பாட்டி சரி. பாட்டியின் பித்தளையும் சரி. அண்டாவுக்கு மேலும் பித்தளை, உள்ளும் பித்தளை. ஒரு மில்லிமீட்டர் தகடு என்றால் ஆயிரம் மைக்ரான். ஒரு தீபாவளிக்கு எவ்வளவுதான் தேய்த்தாலும் தகட்டுக்கு அது உறைக்காது. மூன்று தலைமுறை தேய்த்த பிறகும் அண்டா சீர்வரிசையில் போகும். அந்தக் கை அதே வேகத்தில் அரை மைக்ரான் குரோம்மீது இறங்கினால், முதல் தீபாவளியிலேயே சொத்து பூஜ்யம். பாட்டி கற்றுக்கொடுத்தது பித்தளை வைத்தியம். நாம் பொது வைத்தியமாக எடுத்துக்கொண்டோம். இதில் பாமரர்கள் மட்டும் தவறவில்லை என்பதுதான் ஆறுதல். ஏதென்ஸின் பார்த்தெனான் சிற்பங்களை வைத்திருக்கும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலேயே 1937-38இல், பளிங்கு என்றால் வெள்ளையாக இருக்க வேண்டும் என்ற ஆசையில், செம்புக் கருவிகளால் சுரண்டினார்கள். வெளுத்தது, கூடவே நூற்றாண்டுகளாகப் படிந்திருந்த மேற்பரப்பும் போயிற்று. நம் கோயில்களில் மணலை வேகமாக அடித்துக் கல்லைப் புதிதாக்கியதில் கல்வெட்டு எழுத்துகள் மழுங்கியதையும் பார்த்தோம். மறுபுறம் டெல்லியில் சுமார் 1,600 ஆண்டுகளாக ஓர் இரும்புத் தூண் வெட்டவெளியில் நிற்கிறது. அதைக் காப்பது அதன் மேலிருக்கும் மெல்லிய படலம். முதுகைத் தூணில் ஒட்டிக் கைகளைப் பின்னால் கோத்துக் கட்டிப்பிடித்தால் அதிர்ஷ்டம் என்று வந்தவர்களின் உரசலே போதும் என்று 1997இல் சுற்றி வேலி போட்டார்கள். ஆக, அன்பாகத் தேய்த்தாலும் தேய்ப்பு தேய்ப்புதான்.

பெயின்ட் கட்சிக்காரர்கள் இன்னும் எழுந்து நிற்கிறார்கள். அவர்களிடம் சொல்ல எனக்குப் பெரிய மறுப்பில்லை. உலகப் புகழ்பெற்ற இரும்புக் கால்கள் பாரிஸில் நிற்கின்றன, நான்கு. 1889இல் நிறுத்திய ஈபிள் கோபுரத்துக்குச் சுமார் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை 60 டன் பெயின்ட் பூசுகிறார்கள். அதைப் பளபளப்பாக்க வேண்டும் என்று எந்தப் பிரெஞ்சுக்காரரும் உப்புத்தாளோடு ஏறியதில்லை. கிரில் காலிலும் வெறும் இரும்புக்குப் பெயின்ட் தேவைதான். ஆனால் ரெட் ஆக்சைடில் ஒரு வேடிக்கை: அதன் செம்மண் நிறத்துக்குக் காரணம் இரும்பு ஆக்சைடு, அதாவது துருவின் ஒன்றுவிட்ட சகோதரன். துருவை எதிர்க்கத் துருவின் சொந்தக்காரனையே காவலுக்கு வைக்கிறோம், அவனும் விசுவாசமாகவே இருக்கிறான், சூடு படாதவரை. காலின் கீழ்ப்பாதிக்கு அவன் போதும். கிண்ணத்தைத் தொடும் மேல்பாதியில் அவன் கருகி உரிந்துவிடுவான். அங்கே 600 டிகிரி தாங்கும் என்று டப்பாவில் எழுதிய சிலிகோன் பெயின்ட்தான் சரி, அதையும் பூசிய பிறகு சிறு தணலில் மெல்லச் சுட்டு இறுக்கினால்தான் பிடிக்கும். எண்ணெய்ப் பிசுக்கின் மேலும், உதிரும் துருவின் மேலும், வழுவழுப்பான குரோமின் மேலும் சில்வர் பெயின்டை இழுத்துவிட்டு நிமிர்பவருக்கு நான் சொல்வதைவிட அடுத்த மழை நன்றாகச் சொல்லும்.

இத்தனை தொல்லைக்குப் பதில் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாமே என்பது கடைசி யோசனை. தனிக் காலே விற்கிறார்கள் என்றால் தாராளமாக வாங்கலாம், கால் மாற்றுவதில் கௌரவக் குறைச்சல் இல்லை. முழு கிரில்லையும் தூக்கிப் போடுவதில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. கெட்டது கால், கிண்ணத்தின் எனாமல் இன்னும் பல ஆண்டு உழைக்கும். அதோடு, புதுக் காலையும் அதே வாளித் தண்ணீர், அதே கம்பி பிரஷ், அதே ஆசிட் பாட்டில்தானே வரவேற்கக் காத்திருக்கின்றன. பேரீச்சம்பழக்காரருக்கு நிரந்தர வாடிக்கை வேண்டுமானால் சேரும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஓர் இடம் பாக்கி. குழாய்க் காலின் அடியில் தரை கீறாமலிருக்க ஒரு ரப்பர் புஷ் மாட்டியிருக்கும். வெளியே பளபளக்கும் காலை ஒரு ஸ்பூனால் தட்டிக் கேளுங்கள். நல்ல குழாய் "டிங்" என்னும். சீக்காளிக் குழாய் "டக்" என்று முடித்துக்கொண்டு, சாய்த்தால் உள்ளே சரசரவென்று மணல் ஓடுவதுபோல ஒரு சத்தம் தரும். அது மணல் அல்ல, கால்தான், உள்ளிருந்து உதிர்ந்த கால். போல்ட் ஓட்டை வழியே இறங்கிய மழையும் சாம்பல் தண்ணீரும் வெளியேற வழியில்லாமல் புஷ்ஷுக்குள் தேங்கி, மாதக்கணக்கில் உட்கார்ந்து, உள்பக்கமாகத் தின்றுகொண்டு வந்திருக்கும். புஷ்ஷை முறுக்கி இழுத்தால் ஒரு தேக்கரண்டி அளவுக்குச் செங்குழம்பு வழியும். வெளியே அத்தனை நாள் தேய்த்த தேய்ப்பில் ஒரு சொட்டுகூட இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததில்லை. குழாயைத் தலைகீழாக ஒரு பகல் வெயிலில் நிறுத்தி, உள்ளே நாலு சொட்டு எண்ணெய் விட்டு, புஷ்ஷின் நடுவில் தண்ணீர் வடிய ஓர் ஓட்டை போட்டு மாட்டினால் ஆயிற்று. ஓட்டைக்கு 3 மில்லிமீட்டர் ட்ரில் பிட் போதும். அதை வாங்கவும் ஹார்டுவேர் கடைக்குத்தான் போக வேண்டும். எதற்கு என்று கேட்டால் மட்டும் கிரில்லுக்கு என்று சொல்லிவிடாதீர்கள்.